விரல் சூப்பும் பிள்ளைக்கு மிளகாய் தடவச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் வீட்டுக் குறிப்புகள் பகுதியைப் படித்தேன். விரல் சூப்பும் குழந்தைக்கு இரவு படுக்கப் போகும்முன் கட்டைவிரலில் மிளகாய் விழுது தடவிவிட்டால் ஒரே வாரத்தில் பழக்கம் மறந்துவிடும் என்று ஒரு வாசகி எழுதியிருந்தார். பக்கத்தில் சிரிக்கிற குழந்தையின் படம் வேறு. படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் எட்டரை வருடத்துக்கு முன்னால் அதே மிளகாயை என் மகளின் விரலில் தடவியவள் நான்.

அப்போது அவளுக்கு மூன்றரை வயது. வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "இன்னுமா கை சூப்புது" என்று கேட்டுக் கேட்டு எனக்கே ஒரு கூச்சம் வந்துவிட்டது. என் மாமியார் அன்பானவர், அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருடைய பிள்ளைகளுக்கு அவர் செய்ததைத்தான் எனக்கும் சொன்னார். காய்ந்த மிளகாய் இரண்டை ஊறவைத்து அம்மியில் அரைத்து, தூங்கிய பிறகு தடவினோம். ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், வீடே எழுந்து உட்காருகிற மாதிரி ஒரு அலறல். தூக்கத்தில் கண்ணைக் கசக்கியிருக்கிறாள். குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் விட்டுக் கழுவினோம், பிள்ளை கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறாள், அப்புறம் விடிந்ததும் ஆஸ்பத்திரி, சொட்டு மருந்து. கண் சிவப்பு வடிய இரண்டு நாள் ஆனது.

சரி, விரலையாவது விட்டாளா என்றால், இல்லை. அதுவரை எல்லோருக்கும் எதிரில் என் மடியில் படுத்துக்கொண்டு, என் முந்தானை நுனியை மூக்கோரம் தேய்த்தபடி சூப்பிக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து போர்வைக்குள் தலையை மூடிக்கொண்டு சூப்ப ஆரம்பித்தாள். நான் பக்கத்தில் போனால் விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொள்வாள். பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்த அந்தப் பார்வை எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது.

மிளகாய் வேண்டாம், வேப்பெண்ணெய் தடவினால் என்ன என்று அடுத்துக் கேட்பார்கள். கசக்கத்தான் செய்யும், ஆனால் அது வயிற்றுக்குள் போகிற பொருள் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் மலேசியாவில், வேப்பெண்ணெயை மருந்தாக உள்ளுக்குக் கொடுத்த சின்னக் குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மூளைப் பாதிப்போடு ஆஸ்பத்திரிக்கு வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். விரலில் தடவுவது அந்த அளவுக்குப் போகாது என்றாலும், ராத்திரி முழுக்கச் சூப்பப் போகிற விரலில் அதைத் தடவ எனக்குத் துணிச்சல் இல்லை. இன்னும் சில வீடுகளில் "சூடு போட்டுருவேன்" என்று கரண்டியைக் காய்ச்சிக் காட்டுவது, சில இடத்தில் உண்மையிலேயே போட்டுவிடுவது, இதெல்லாம் நடக்கிறது. குழந்தைக்குச் சூடு வைப்பது குற்றம், அதைப் பற்றி வேறு பேச்சே இல்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள எனக்கு ரொம்ப நாள் ஆனது. குழந்தை விரல் சூப்புவது கெட்ட பழக்கமாகத் தொடங்குவதில்லை. பால் குடித்துப் பிழைக்கத்தான் அந்தச் சப்புகிற உணர்வு பிறவியிலேயே இருக்கிறது. எனக்கு ஸ்கேன் எடுத்தபோது "இங்க பாருங்கம்மா, கை வாய்கிட்ட இருக்கு" என்று டாக்டர் திரையில் காட்டினார், நான் கண் கலங்கிப் பார்த்தேன். அதே கையை மூன்று வருடம் கழித்து வாயிலிருந்து பிடுங்கி எறிகிறோம். எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில்கூட ஆலிலைக் கண்ணன் கால் விரலைச் சூப்பிக்கொண்டு படுத்திருக்கிற படம்தான் இருக்கிறது. பசி, தூக்கம், பயம், புது இடம், அம்மா பக்கத்தில் இல்லாதது, எதுவானாலும் தன்னைத்தானே தேற்றிக்கொள்ளக் குழந்தைக்குக் கையில் இருப்பது அந்த விரல் ஒன்றுதான். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் நடுவில் தானாகவே விட்டுவிடுகின்றன. அதுவரை யாரும் பதற வேண்டியதில்லை.

நான்கு தாண்டியும் விடாத பிள்ளைகளுக்காகத்தான் இந்தக் கடிதம்.

மகளுக்கு ஐந்து வயதில் பல் டாக்டர் ஒருவரிடம் காட்டினோம். சின்னதாக முன்பல் தூக்கின மாதிரி இருந்தது. அவர் பார்த்துவிட்டு "பால் பல்தானே, விழுந்து முளைக்கும்போது சரியாயிடும்" என்று அனுப்பிவிட்டார். எனக்கு நிம்மதி. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இரண்டு வருடம் இருந்துவிட்டேன். அவர் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொன்னார். மீதிப் பாதி, "அதுக்குள்ள விரல் வெளியே வந்திருந்தால்" என்பது. அதை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. இந்த ஊரில் எத்தனை அம்மாக்களிடம் பேசினாலும் அந்தப் பாதி வரியைத்தான் சொல்கிறார்கள், பாட்டிகளும் அதைத்தான் சொல்கிறார்கள்.

இதற்கு நடுவில் அவள் பகலில் சூப்புவதைக் கிட்டத்தட்ட விட்டிருந்தாள். ஆறு வயதில் தம்பி பிறந்தான். நான் ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், அவள் பாட்டியோடு வீட்டில். திரும்பி வந்தபோது பகல், ராத்திரி, டி.வி. பார்க்கும்போது, பள்ளிக்கூட வேனில், எப்போதும் வாயில் விரல். சரியாகப் பால் பல் விழுந்து முன்பல் முளைக்கிற நேரம் அது. இதைவிட மோசமான நேரம் கிடையாது என்று எனக்கு அப்போது தெரியாது.

எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன், ஜாக்கெட், சுடிதார். எங்களைப் போன்றவர்களுக்குக் கத்தரி எடுக்கச் சோம்பலாக இருந்தால் நூலைப் பல்லால் கடித்து அறுப்பது பழக்கம் (பல்லுக்குக் கெடுதல்தான், முன்பல் ஓரம் தேய்ந்து பள்ளம் விழும், யாரும் செய்யாதீர்கள்). ஒரு நாள் சாயங்காலம் பொம்மைக்குத் துணி தைக்கிறேன் என்று மகள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து நூலை முன்பல்லில் வைத்துக் கடித்து இழுத்தாள். நூல் அப்படியே வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. மறுபடியும் கடித்தாள், மறுபடியும் வந்துவிட்டது. "அம்மா, என் பல்லு வெட்ட மாட்டேங்குது" என்றாள். வாயைத் திறந்து பார்க்கிறேன், கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று இறுக்கிக் கடித்திருக்க, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக நாக்கு எட்டிப் பார்க்கிறது. அவள் கட்டைவிரலைக் கொண்டுபோய் வைத்தால் அச்சில் வார்த்த மாதிரி பொருந்துகிறது.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. கொய்யாக்காயை ஏன் எப்போதும் பக்கவாட்டில் திருப்பிக் கடித்தாள், தோசையை ஏன் வாயால் கடிக்காமல் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டாள், பரோட்டா என்றால் ஏன் முகம் சுளித்தாள், எல்லாம். சக்கரை என்று சொன்னால் "தக்கரை" என்று விழுந்ததை மழலை என்று நாங்கள் ரசித்துக்கொண்டிருந்தோம், பேசும்போது நாக்கு அந்த ஓட்டைக்குள் போய்விடுகிறது. அவள் வலது கட்டைவிரலையும் அன்றைக்குத்தான் உற்றுப் பார்த்தேன். மற்ற ஒன்பது விரலும் விளையாடி அழுக்கேறி இருக்க, அது மட்டும் வெளுத்து, ஊறிய பயறு மாதிரி தோல் சுருங்கி, நகத்துக்குக் கீழே கணுவில் பல் பட்டுப் பட்டுக் காய்த்துப் போய் இருந்தது. விரல் சூப்புகிற பிள்ளையைக் கண்டுபிடிக்க வாயைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தாலே போதும்.

பிறகு பார்த்த பல் சீரமைப்பு டாக்டர் பொறுமையாக விளக்கினார். பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லையாம். அதைச் சுற்றி நாரும் உயிருள்ள எலும்பும் இருக்கின்றன, மெல்லிய அழுத்தம்கூட ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் இருந்தால் பல் நகர ஆரம்பித்துவிடும். கிளிப் போட்டுப் பல்லை நகர்த்துவதும் இதே கணக்கில்தான், இவளுக்கு ராத்திரி முழுக்க விரலே கிளிப் வேலை பார்த்திருக்கிறது, எதிர்த்திசையில். விரல் மேல் முன்பல்லை வெளியே தள்ளுகிறது, கீழ் முன்பல்லை உள்ளே சாய்க்கிறது, இரண்டையும் முழுதாக முளைக்க விடாமல் தடுக்கிறது. கூடவே நாக்கு கீழே அமுங்கிக் கிடக்க, இரண்டு கன்னமும் உள்ளே உறிஞ்சுவதால் மேல்தாடை குறுகி, அண்ணம் உயர்ந்துவிடுகிறது. அப்படிக் குறுகினால் மேல் கடைவாய்ப்பல் கீழ்ப்பல்லுக்கு உள்பக்கமாக விழுந்து கடிக்கும். முன்பல் ஓட்டை சின்ன வயதில் விரலை எடுத்தால் பெரும்பாலும் தானே மூடிவிடும், ஆனால் இந்தக் குறுகின தாடை தானே விரியாது என்றார். எத்துப்பல் வெறும் அழகு விஷயம் என்று நினைக்கிறோம். முன்னால் நிற்கிற பல் விழுந்தால் முதலில் அடிபடுகிற பல், பள்ளிக்கூட மைதானத்தில் உடைவது அதுதான்.

எல்லா விரல் சூப்பும் பிள்ளைக்கும் இப்படி ஆகிவிடாது. சில பிள்ளைகள் விரலைச் சும்மா வாயில் வைத்திருக்கும், தூங்கினதும் தானாக விழுந்துவிடும். சில பிள்ளைகள் சத்தம் கேட்கிற அளவுக்கு உறிஞ்சும், கன்னம் குழி விழும், தூக்கத்திலும் விடாது. எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம், எத்தனை வயது வரை, இந்த மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. என் மகள் இரண்டாவது ரகம்.

ஏழரை வயதில் அவளுக்கு மேல் கடைவாய்ப்பற்களில் வளையம் மாட்டி, முன்பல்லுக்குப் பின்னால் வேலி மாதிரி ஒரு கம்பி வைத்தார்கள். முதல் வாரம் எச்சில் ஒழுகும், சோறு சிக்கிக்கொள்ளும், பேச்சு குழறும். வலி என்று அவள் சொல்லவே இல்லை. ராத்திரி விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "முன்ன மாதிரி இல்லம்மா" என்று அழுதாள். உறிஞ்ச முடியவில்லை, அவ்வளவுதான், ஆனால் அவளுக்கு அது ஒரு துணையைப் பறித்துக்கொண்ட மாதிரி. அந்த வாரம் முழுக்க என் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு என்னோடுதான் படுத்தாள். எட்டு மாதம் அந்தக் கம்பி. அப்புறம் தாடையை அகலப்படுத்த நடுவில் திருகு வைத்த இன்னொரு கருவி, டாக்டர் சொன்ன நாளில் நானே சாவி போட்டுத் திருப்பிவிட வேண்டும். இப்போது பன்னிரண்டு வயது, கிளிப் போட்டிருக்கிறாள். இதுவரை 45,000 ரூபாய்க்கு மேல் ஆகிவிட்டது. ஒரு ஜாக்கெட்டுக்கு எனக்கு என்ன கூலி கிடைக்கும் என்று வாசகிகளுக்குத் தெரியும். சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, பல அரசு ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவும் இருக்கிறது. எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் கடன் வாங்கும் முன் அங்கே போய்க் கேட்டிருப்பேன்.

மகனுக்கு அடுத்த மாதம் ஆறு முடிகிறது. அவனும் சூப்பினான், அக்காவைப் பார்த்தா, தானாகவா தெரியாது. இந்த முறை மூன்று வயது வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு ஆனதும் ஆரம்பித்தோம். முதலில் எப்போது விரல் போகிறது என்று ஒரு வாரம் வெறுமனே கவனித்தேன். டி.வி. முன்னால், வேனில், தூக்கம் வரும்போது. டி.வி. நேரத்துக்குக் கையில் சப்பாத்தி மாவு உருண்டை கொடுத்தேன், சில நாள் பல்லாங்குழிச் சோழி. முன்பு மகள் என் முந்தானையைத் தேய்த்தது போல இவன் ஒரு பழைய துண்டைப் பிடித்துக்கொண்டால்தான் விரல் வாய்க்குப் போகும், அதைத் துவைக்கிறேன் என்று சொல்லிச் சொல்லிப் பகலில் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நிறுத்தி அக்கா தன் கிளிப்பைக் காட்டிக் கதை சொன்னாள், என் பேச்சைவிட அது நூறு மடங்கு வேலை செய்தது. தினக் காலண்டர் தாளில் விரல் போகாத நாளுக்கு அவனே ஒரு நட்சத்திரம் வரைவான். விரல் வாய்க்குப் போன நாளுக்குத் திட்டு கிடையாது, நட்சத்திரம் இல்லை, அவ்வளவுதான்.

ராத்திரிதான் கஷ்டம். தூக்கத்தில் போகிற கையை யார் பிடிப்பது? டாக்டர் ஒரு வழி சொன்னார், முழங்கையைச் சுற்றி மெத்தென்ற துணியைத் தளர்வாகச் சுற்றிவிடுவது. கை மடக்கும்போது ஒரு சின்ன இடைஞ்சல், விரல் வாய்க்குப் போய் நிலைக்காமல் விழுந்துவிடும். இறுக்கக் கூடாது, இரண்டு விரல் உள்ளே போகிற தளர்வு வேண்டும், குழந்தையிடம் கேட்டுக்கொண்டுதான் கட்ட வேண்டும். நான் தையல்காரியாயிற்றே, அவனுக்குப் பிடித்த மாட்டுவண்டி படம் போட்ட காட்டன் துணியில் உள்ளே பஞ்சு வைத்து ஒரு கைப்பட்டை தைத்தேன். "இது உன் விரலுக்கு ஞாபகப்படுத்துறதுக்கு, உனக்குத் தண்டனை இல்லை" என்று சொல்லித்தான் மாட்டினேன். ஆறு வாரம் ஆனது. நடுவில் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் திரும்பச் சூப்பினான், விட்டுவிட்டேன், பிறகு அவனே பட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். ஐந்து வயதுக்குள் நின்றுவிட்டது. அவனுக்கும் முன்பல்லில் ஓட்டை விழுந்திருந்தது, சில மாதத்தில் எந்தக் கம்பியும் இல்லாமல் அதுவாக மூடிக்கொண்டு வந்தது. இப்போது கீழ் முன்பல் ஒன்று ஆடுகிறது.

வாட்ஸ்அப்பில் வருகிற ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் கொழுந்தனார் அதைக் காட்டித்தான் "சூப்பினா நல்லதுதான் அண்ணி" என்று வாதாடினார். அந்த ஆராய்ச்சி உண்மைதான். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து 2016-ல் வெளியிட்டார்கள். விரல் சூப்பிய, நகம் கடித்த பிள்ளைகளில் 13 வயதில் ஒவ்வாமைப் பரிசோதனையில் தோல் தடித்தவர்கள் 38 சதவீதம், அந்தப் பழக்கம் இல்லாதவர்களில் 49 சதவீதம். ஆனால் ஆஸ்துமாவிலோ, தும்மல் மூக்கொழுகல் ஒவ்வாமையிலோ வித்தியாசம் இல்லை, பிள்ளைகளைச் சூப்ப விடுங்கள் என்று அவர்களே சொல்லவில்லை. ஃபார்வர்டில் இந்தக் கடைசி வரி மட்டும் வெட்டுப்பட்டுவிடுகிறது. அழுக்குக் கை வாய்க்குள் போனால் கீரிப்பூச்சி முட்டையும் கூடவே போகும், ராத்திரி பிள்ளை ஆசனவாயைச் சொறிந்துகொண்டு அழுகிற வீட்டுக்கு அது தெரியும்.

அரசாங்கத்திடமும் உங்கள் பத்திரிகை மூலமாக ஒன்று கேட்கிறேன். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வருகிறது. நல்ல திட்டம். 30 வகைக் குறைபாடுகள் பார்க்கிறார்கள், அதில் பல் சொத்தையும் உண்டு. எங்கள் ஊர் அங்கன்வாடியில் நான் பார்த்தவரை வாயைத் திறக்கச் சொல்கிறார்கள், டார்ச் அடிக்கிறார்கள், சொத்தை இருக்கிறதா இல்லையா என்று எழுதுகிறார்கள். "பல்லைக் கடிச்சுக் காட்டு பாப்பா" என்று ஒரு வார்த்தை சேர்த்தால், இரண்டு கட்டைவிரலையும் திருப்பிப் பார்த்தால், கூடுதலாகப் பத்து நொடி ஆகுமா? மூன்றிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளைகள் இருப்பதே அங்கன்வாடியில்தான். மதியம் சோறு போட்டுத் தூங்க வைக்கிற அங்கன்வாடி டீச்சருக்கு எந்தப் பிள்ளை விரலோடு தூங்குகிறது என்பது அம்மாவுக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரியும். பிள்ளை நான்கரை வயதைத் தாண்டும்போது அவர்கள் அம்மாவைக் கூப்பிட்டு, பல் விழ ஆரம்பிக்கிறதுக்குள்ள நிறுத்தப் பாருங்க, ஒரு பல் டாக்டரிடம் காட்டிடுங்க என்று சொன்னால் போதும். அதற்கு ஒரு சுற்றறிக்கையும், சுவரில் ஒட்ட ஒரு படமும் இருந்தால் ஆகிவிடும்.

உங்களிடம் என் வேண்டுகோள், அந்த மிளகாய்க் குறிப்பு வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், அதைச் செய்ய வேண்டாம் என்று போடுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் ஏற்கெனவே தடவிவிட்டவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக இதையும் சேர்த்துப் போடுங்கள்: விரலில் முதலில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டு இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். கண்ணில் பட்டிருந்தால் கால் மணி நேரமாவது சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்து, எரிச்சல் அடங்காவிட்டால் உடனே கண் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். கைப்பட்டையின் அளவும் வெட்டும் முறையும் வேண்டுமென்றால் நான் தாளில் வரைந்து அனுப்புகிறேன், நாலு வயதுப் பிள்ளைக்கு அரை மீட்டர் துணி தாராளம்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் அம்மா, தையல் தொழிலாளி,
திண்டுக்கல் மாவட்டம்.